மூன்று மாலை போட்ட வருஷம்

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொள்ள வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஆளுக்கொரு வேண்டுதல் இருக்கும். வீடு கட்ட வேண்டும், பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும், பையன் அரியர் இல்லாமல் பாஸாக வேண்டும். என் வேண்டுதலை ஐயப்பனிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. விளக்கணைத்த பிறகு என் மனைவி என் பக்கம் திரும்பிப் படுக்கக் கூடாது. அவ்வளவுதான் வேண்டுதல்.

எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். சண்டையாக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். கோபித்துக்கொண்டு ஹாலில் படுத்திருக்கலாம். அவளோ அந்த வருஷம் ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். எங்கள் பெண் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மந்தைவெளி வீட்டில், கல்யாணமாகி இத்தனை காலத்தில், முதல் தடவையாக நாங்கள் இரண்டே பேர். பெண்ணை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று நன்றாக அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "இனிமே கதவைத் தாப்பா போடணும்னுகூட இல்ல" என்றாள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், நான் எழுந்துபோய் டி.வி.யைப் போட்டேன்.

எங்கள் கடை தி.நகரில், பெரிய ஜவுளிக்கடைகளுக்குப் பின்பக்கத்துச் சந்தில் இருக்கிறது. புடவை விற்பதில்லை. புடவைக்கு ஜோடியாக ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ். மேட்சிங் சென்டர் என்பார்கள். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ஆரம்பித்தது. அந்தக் கடையில் பெண்கள் பேசுகிற பேச்சு வேறெங்கும் கிடைக்காது. ஒரு அம்மாள் துணியைப் புடவைமேல் போட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கலர் சேருதுப்பா, ஆனா ரெண்டும் பேசிக்க மாட்டேங்குது" என்றார். அன்றிலிருந்து எனக்கு அதுதான் அளவுகோல்.

என் மனைவியும் அந்தக் கடைக்கு வந்தவள்தான். அரக்குக் கலர் புடவைக்குத் துணி வாங்கிப் போனாள். மறுவாரம் வந்து சாயம் போகிறது என்றாள். அதற்கடுத்த வாரம், சாயம் போகவில்லை என்று சொல்வதற்காகவே வந்தாள். அப்புறம் நான் அவள் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அப்படி ஆரம்பித்த ஆள், ஐம்பதைத் தொடப்போகிற வயதில் இப்படி ஆகிவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டால் கல்லாவிலேயே தலை சாய்ந்தது. தொந்தி எனக்கு முன்னால் கடைக்குள் நுழைந்தது. கரண்ட் போனால் இரண்டு நொடியில் இன்வர்ட்டர் எடுக்கும் என்று காத்திருப்போம் இல்லையா, அந்த மாதிரி நானும் மாதக்கணக்கில் காத்திருந்தேன். எடுக்கவில்லை. ஆசை இருந்து உடம்பு ஒத்துழைக்காவிட்டால் அது ஒரு கஷ்டம். எனக்கு ஆசையே ஷட்டரை இறக்கிவிட்டுப் போயிருந்தது. அவள் மனசு நோகக் கூடாதே என்று எப்போதாவது முயன்றால், உடம்பு பாதி வழியில் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிவிடும். "பரவால்லங்க, அலுப்பா இருப்பீங்க" என்பாள். அந்தப் 'பரவால்ல' தடவைக்குத் தடவை கொஞ்சம் குட்டையாகிக்கொண்டே வந்தது.

யாரிடம் கேட்பது? தேனாம்பேட்டை சிக்னல் பக்கத்துச் சுவரில் ஒரு போஸ்டர் இருக்கும். நம்பிக்கையோடு வாருங்கள், ரகசியம் காக்கப்படும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். முன்பெல்லாம் படித்துச் சிரித்ததுதான். ஒருநாள் ஸ்கூட்டரில் நின்றபடி, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, வைத்தியர் எந்த லாட்ஜில் எந்தக் கிழமை இருப்பார் என்பது வரை படித்தேன். சிக்னல் விழுந்ததைக் கவனிக்கவில்லை. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தலையை வெளியே நீட்டி, "படிச்சி முட்ச்சிட்டியா தலைவா, போலாமா?" என்றார். அந்த மரியாதைதான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த நிலைமையில்தான் கார்த்திகை வந்தது. எங்கள் குழுவின் குருசாமி நங்கநல்லூர்க்காரர், பேங்கில் இருந்து ஓய்வுபெற்றவர். மாலையைக் கழுத்தில் போட்டுவிட்டு, கூடாதவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். மீன் கூடாது, செருப்பு கூடாது, சவரம் கூடாது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீட்ல தனியா பாய்லதான் படுக்கணும். புரியுதில்ல சாமி?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்தி என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மாலை போட்டவரை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், கட்டிய மனைவி உட்பட. "சாமி, கேஸ் வந்திருக்கு சாமி, சிலிண்டரைக் கொஞ்சம் உள்ள தள்ளுங்க சாமி." நானும் கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினேன். ஹாலில் பாய், விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல், சரணம், படுத்தால் கேள்வி கேட்க ஆளில்லாத தூக்கம். உடம்புக்கு மெடிக்கல் லீவு கிடைத்த மாதிரி. மலைக்குப் போகிறவர்கள் எப்போது திரும்பி வருவோம் என்று பார்ப்பார்கள். நான் பதினெட்டாம் படியிலேயே நின்று, திரும்பிப் போக வேண்டுமே என்று கவலைப்பட்டேன்.

திரும்பி வந்து மாலையைக் கழற்றினேன். வீடு மணத்தது. பட்டினப்பாக்கத்தில் போய் நல்ல வஞ்சிரமாகப் பார்த்து வாங்கி வந்து குழம்பு வைத்திருந்தாள். கட்டிலில் புது விரிப்பு. அதன்மேல் பிரிக்காத ஒரு புடவை, நாவல்பழக் கலர்.

"இதுக்கு ஒரு துணி எடுத்துட்டு வாங்க. கடைப் பொண்ணுங்ககிட்ட சொல்லாதீங்க, நீங்களே பாத்து எடுங்க" என்றாள்.

சரி என்றேன். அன்று பயணக் களைப்பு என்று சொல்லித் தப்பித்தேன். மறுநாள் காலையில் கோயிலுக்குப் போய்த் தைப்பூசத்துக்காக முருகனுக்கு மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றேன். அவள் அடுப்பில் மிச்சக் குழம்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தாள்.

"பழனிக்கா? நீங்க பழனிக்குப் போனதே இல்லையே."

"கனவுல வந்தாரு."

"யாரு?"

"முருகன்."

"என்ன சொன்னாரு?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை. "வரச் சொன்னாரு" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். குழம்பு அவள் தம்பி வீட்டுக்குப் போயிற்று.

பழனி முடிந்தது. நாள்காட்டியை, அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று பார்க்கிறவன் மாதிரி புரட்டினேன். மாசியில் சிவராத்திரி இருந்தது. மூன்றாவது மாலை, உருத்திராட்சம். கறுப்பு, பச்சை போய் இப்போது காவி வேட்டி. இந்தத் தடவை அவளே பாயை எடுத்து ஹாலில் விரித்து வைத்தாள்.

கடையில் என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. தாடியும் காவியுமாக ரவிக்கைத் துணி கிழிக்கிறவனிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. ஒரு வயதான அம்மாள், துணியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகு, மருமகளை முன்னால் தள்ளி, "சாமி, உங்க கையால இவளுக்குத் திருநீறு பூசுங்க. நாலு வருஷமா வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல" என்றார். பிள்ளை வரத்துக்கு ஊரெல்லாம் விட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பூசிவிட்டேன்.

அந்த வாரம்தான் என் மைத்துனன் கடைக்கு வந்தான். ஏ.சி. மெக்கானிக், பட்டினப்பாக்கத்தில் வீடு. ஸ்பேனர் பையைக் கீழே வைத்துவிட்டு, கடையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. எங்கனா ஆசிரமத்துல சேரப் போறியா?"

"யார்ரா சொன்னது?"

"அக்காதான். கொஞ்சம் கொஞ்சமா ட்ரெய்னிங் எடுக்கிறாரு, ஒருநாள் அப்டியே கெளம்பிடுவாருன்னு சொல்லிக்கினு அழுவுது."

"என்கிட்ட கேக்க வேண்டியதுதானே."

"நீ இன்னா மாமா? சாமின்னு கூப்புட்டுக்கினு, என் கூட படுக்க மாட்டியான்னு எப்டி கேக்கும்? பாவம்ல?" என்றான். பிறகு குரலைத் தணித்து, "வயசாயிட்ச்சு, அவருக்கு என்னப் புடிக்கலடான்னு சொல்லுது மாமா. கண்ணாடி பாக்கறதகூட வுட்டுட்ச்சாம்" என்றான்.

நான் மறைக்க நினைத்தது என் உடம்பின் குறையை. அவள் அதைத் தன் முகத்தில் தேடிக்கொண்டிருக்கிறாள். கடையை வேலைக்கு இருக்கிற பெண்களிடம் விட்டுவிட்டு, இன்றைக்குச் சொல்லியே விடுவது என்று வீட்டுக்குக் கிளம்பினேன்.

கதவைத் திறந்தவள் சிவப்புப் புடவையில் இருந்தாள். சிவப்பு ரவிக்கை. கழுத்தில் மாலை.

"என்ன இது?"

"அம்மனுக்குப் போட்டிருக்கேன். ஏன், நீங்க மட்டுந்தான் சாமியா?"

"என்ன வேண்டுதல்?"

"வெளிய சொல்லக் கூடாது."

"அந்த நாவல்பழக் கலருக்குத் துணி..." என்று இழுத்தேன்.

"வேணாம். சிவப்புக்குச் சிவப்பு. யாருகிட்டயும் மேட்சிங் கேட்டு நிக்க வேணாம்."

சொல்ல வந்ததை முழுங்கிக்கொண்டேன். அவள் கூட்டத்தில் பெண்களைச் சக்தி என்று கூப்பிட வேண்டும். "சக்தி, காபில சர்க்கரை கம்மி." "சாமி, டாக்டரா உங்களுக்குச் சொன்னாரு? குடிங்க." ஹாலில் அந்த ஓரம் ஒரு பாய், இந்த ஓரம் ஒரு பாய். உள்ளே புது விரிப்போடு கட்டில் சும்மா கிடந்தது. இத்தனை நாள் அவள் திரும்பக் கூடாது என்று சாமி சாமியாகப் போனவன் நான். இப்போது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க, திரும்புவாளா என்று நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இது என்ன நியாயம் என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைத்துனன் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டான். பஞ்சாயத்துதான், ஆனால் காபி சாப்பிட வாங்க என்று சொல்லியிருந்தான். பட்டினப்பாக்கத்தில் மீன் கடைகளைத் தாண்டித்தான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். காவியும் சிவப்புமாக, செருப்பில்லாமல், மீன் தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடந்தோம். அவளுக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கிற அம்மா கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இன்னா சக்தி, மாலைய போட்டுக்கினு மீன் கடையாண்ட இன்னா வேல?"

"தம்பி வூட்டுக்குப் போறோம்."

"அவரும் சாமி, நீயும் சாமின்னா வூட்ல மனுசங்க ஆரு?" என்றார் அந்த அம்மா, ஒரு சங்கரா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

என் மனைவி வேகமாக நடந்தாள். நாலு எட்டு போனதும், கடலைப் பார்த்த கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். நானும் ஒரு கை தள்ளி உட்கார்ந்தேன். கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஆசை போனது, உடம்பு இறங்கிக்கொண்டது, போஸ்டர், ஆட்டோக்காரர், முருகன் கனவில் வராதது, எல்லாம். சிவராத்திரிக்கு அப்புறம் பங்குனி உத்திரத்துக்கும் திட்டம் வைத்திருந்ததைக்கூடச் சொல்லிவிட்டேன்.

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். பிறகு, "அப்போ என்னைப் பிடிக்காம இல்ல" என்றாள்.

"இல்ல."

"எங்கயும் போகப் போறதில்ல."

"எங்க போவேன், கடைய யாரு பாக்கறது?"

கையை ஓங்கினாள். பாதியில் மாலை ஞாபகம் வந்து இறக்கிவிட்டாள். "சாமியாப் போயிட்டீங்க, இல்லன்னா இந்த இடத்துலயே அடிச்சிருப்பேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் வேண்டுதல் என்னன்னு கேட்டீங்கல்ல. இந்த மனுஷன் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் படுக்கணும். அதுக்குத்தான் மாலை போட்டேன். போட்டப்புறம்தான் தோணிச்சு, மாலை போட்டா திரும்பவே கூடாதேன்னு" என்றாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மீன்கார அம்மா அங்கிருந்தே, "இன்னாவோ பூட்சி ரெண்டுத்துக்கும்" என்றார்.

மைத்துனனுக்கு ஊரில் பாதி டாக்டர்களைத் தெரியும், ஏ.சி. மூலமாக. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அடையாறில் ஹார்மோன் பார்க்கிற ஒரு டாக்டரிடம் சொல்லி வைத்தான். விரதத்தின் நடுவில் மாலையைக் கழற்ற அவள் சம்மதிக்கவில்லை. "முருகன் கனவுல வந்தாருல்ல, டாக்டர்கிட்டயும் போகச் சொன்னாருன்னு வெச்சிக்குங்க" என்றாள். ஆக, காவியும் சிவப்புமாகவே கிளினிக் படியேறினோம். ரிசப்ஷனில் இருந்த பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, "சாமி, அன்னதான வசூலெல்லாம் இங்க அனுமதி இல்ல" என்றாள். அப்பாயிண்ட்மென்ட் இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என் தாடியைப் பார்த்தாள், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

காத்திருந்தவர்கள் எல்லோரும் என் வயதுக்காரர்கள். ஒவ்வொருவரும் தரையில் ஒரு டைல்ஸைத் தேர்ந்தெடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்தவர் மட்டும் மெதுவாகச் சாய்ந்து, "சாமி, நீங்களே வர்றீங்கன்னா இங்க நல்லாத்தான் பாப்பாங்க, இல்ல?" என்று கேட்டார்.

டாக்டர் இளைஞர். அவருடைய கழுத்திலும் எப்போதோ மாலை கிடந்திருக்க வேண்டும், "வாங்க சாமி" என்று கை கூப்பிவிட்டார். அதற்கப்புறம் பாவம், அவரால் லேசில் கேள்வி கேட்க முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சாமி. காலையில முழிக்கும்போது... முன்னாடி மாதிரி... அந்த எழுச்சி..."

நான் உருத்திராட்சத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டேன், அதற்குக் காது இருக்கிற மாதிரி. "இல்ல" என்றேன்.

"கடைசியா ரெண்டு பேரும் சேந்து இருந்தது எப்போ?"

நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். என் மனைவி, "ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி" என்றாள்.

குறட்டை உண்டா என்று கேட்டார். அதற்கும் அவள்தான் பதில் சொன்னாள், கொஞ்சம் நடித்தும் காட்டினாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். இந்த வயதில் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன் இறங்கிவிடும். தொந்தி, சர்க்கரை, சரியில்லாத தூக்கம் எல்லாம் சேர்ந்து அதை இன்னும் கீழே இழுக்கும். ரத்தத்தைக் காலையில்தான் எடுக்க வேண்டும், அப்போதுதான் அது உச்சத்தில் இருக்கும். ஒரு தடவை குறைந்திருந்தால் போதாது, இன்னொரு நாள் காலையிலும் எடுத்துப் பார்க்க வேண்டும். "இது ஒரு வியாதி சாமி. ஆம்பளைத்தனத்துக்கு மார்க் போடற பரீட்சை இல்ல" என்றார். அதை நான் கடைக்கு வருகிற பெண்களின் பேச்சோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

இரண்டு தடவையும் குறைவாகவே வந்தது. சர்க்கரையும் எட்டிப் பார்த்திருந்தது. முதலில் நடை, அரிசியில் பாதி குறைப்பு, குறட்டைக்கு ஒரு சிகிச்சை. சிவராத்திரி போய், என் மாலையும் போய், அவள் மாலையும் போய், வெயில் வந்த பிறகும் அளவு ஏறாததால், இன்னும் சில பரிசோதனைகள் பார்த்துவிட்டுத் தோளில் தடவிக்கொள்ள ஒரு ஜெல் கொடுத்தார். தடவின இடம் காய்ந்தாலும், கழுவுகிற வரை, வீட்டில் பெண்கள் மேல் படக் கூடாது என்றார்.

என் மனைவி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "சாமியா இருந்தப்பவும் தொடக் கூடாது. இப்ப மருந்து போட்டாலும் தொடக் கூடாதா?" என்றாள். டாக்டர் மேஜையில் தலையைக் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

ஜெல் போட்ட மறுநாளே சிங்கம் ஆகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. முதலில் மத்தியானத் தூக்கம் விட்டது. பிறகு கடையில் ஒரு அம்மாள் பேரம் பேசினபோது பதிலுக்குக் கேலி செய்ய வந்தது. ஒருநாள் மூட்டையிலிருந்து உருவிய ஒரு துணியைப் பார்த்ததும், நாவல்பழக் கலர் ஞாபகம் வந்தது. யாரும் கேட்காமலேயே வந்தது. கடைப் பெண்களிடம் சொல்லாமல் நானே கிழித்து, நானே மடித்துக் கொண்டுபோனேன். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் புடவைமேல் போட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பேசிக்குதா?" என்றேன்.

"பேசிக்குது" என்றாள். "கொஞ்சம் நேரம் எடுக்குது. பரவால்ல."

அந்தப் 'பரவால்ல' பழைய நீளத்துக்கு வந்திருந்தது.

அடுத்த கார்த்திகை நெருங்கியபோது, நங்கநல்லூர் குருசாமி போன் செய்தார். நான் தோளில் மருந்து தடவிக்கொண்டு சட்டையில்லாமல் நின்றிருந்தேன், போனைத் தொட முடியாது. அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். போன வருஷம் மூன்று மாலை போட்டவர், இந்த வருஷம் குழுவுக்கே முன்னால் நடக்க வேண்டும் என்று குருசாமி சொல்லிக்கொண்டே போனார்.

"இந்த வருஷம் அவர் வரல குருசாமி" என்றாள் என் மனைவி.

"அடடா. ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"இல்ல குருசாமி. உடம்பு நல்லா இருக்கு. அதான் வரல."